பழக்கப்பட்டவர்கள் என்னும் புனைவு: பெருந்தொற்றுக்கால ஊரடங்கும் சீனன்குடா மக்களின் உளநிலையும்

1

பெருந்தொற்றுக் காலத்தைப் பற்றிய பேச்சிலும் எழுத்திலும் இரு கருத்துகள் திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டு வருகின்றன. நீண்ட ஊரடங்கு விளைவித்த உளத்தாக்கத்தை வெல்லும் வழி தனிமனிதனின் மனவுறுதியிலேயே தங்கியுள்ளது என்பது ஒன்று. வடக்குக் கிழக்கு மக்கள் போர்க்காலத்திலேயே ஊரடங்குக்குப் பழக்கப்பட்டவர்களாதலின் அத்தாக்கம் அவர்களை அதிகம் பாதிக்கவில்லை என்பது மற்றையது. முன்னையது அறிவுரையாக வருகின்றது; பின்னையது புகழுரையாக வருகின்றது. எனினும் இரண்டும் ஒரே முடிபுக்கே இட்டுச் செல்கின்றன. ஊரடங்கில் வாடிய மனிதனுக்குச் சமுதாயமோ அரசோ செய்யவேண்டியது பெரிதாக எதுவுமில்லை என்பதே அம்முடிபு. இது பொய்யானது; பொய்யென்பது மட்டுமன்றித் தீங்கானதும் ஆகும். சீனன்குடாவையும் அதன் சுற்றுப்புறத்தையும் கண்முன் நிறுத்தி நோக்குவார்க்கு இவ்வுண்மை எளிதிற் புலனாகும்.

நிகழ்ந்தவற்றை முதலில் வரிசைப்படுத்திக்கொள்ளல் வேண்டும். இலங்கையில் உள்நாட்டவர் ஒருவருக்குக் கொவிட்-19 தொற்று முதன்முதலாக உறுதிப்படுத்தப்பட்டது 2020 மார்ச் 11 ஆம் நாளிலாகும். அதனைத் தொடர்ந்து பாடசாலைகள் மூடப்பட்டன. மார்ச் 20 மாலை நாடளாவிய ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. மாவட்டத்துக்கு மாவட்டம் தளர்வுகள் வேறுபட்டனவாயினும் யூன் 28 ஆம் நாளிலேதான் அது முற்றாக நீக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் பேலியகொடை மீன் சந்தையிலும் தோன்றிய கொத்தணிகள் இரண்டாம் அலையைக் கொணர்ந்தன. 2021 மே 21 முதல் ஒரு மாதம் பயணக்கட்டுப்பாடு நிலவியது. ஆகஸ்ட் 20 இரவு விதிக்கப்பட்ட ஊரடங்கு ஒக்டோபர் 1 ஆம் நாள்வரை நீடித்தது. இந்நோயினால் இந்நாட்டில் இறந்தோர் தொகை 16,000 ஐக் கடந்தது.

இத்துணைக் கொடிய நோயின்முன் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியதே தவறு என்பது இங்கு வாதமன்று. கட்டுப்பாடு வேண்டியிருந்தது. அதன் சுமை எவர்மீது எவ்வாறு ஏற்றப்பட்டது என்பதும், அச்சுமையால் வாடியவனுக்கு என்ன விடை கூறப்பட்டது என்பதுமே வினாக்கள்.

2

சீனன்குடா திருகோணமலைத் துறைமுகத்தின் உட்கரையில் அமைந்த ஊர். அங்கே புகையிரத நிலையம் உண்டு; விமானப்படைத் தளம் உண்டு; 1980 முதல் நாட்டுக்குக் கோதுமை மா அரைத்து அனுப்பும் பேராலை உண்டு; சீமெந்து ஆலை உண்டு; இரண்டாம் உலகப் போருக்கென்று பிரித்தானியர் அமைத்துச் சென்ற எண்ணெய்த் தாங்கிகள், தொகையில் 99, காட்டினூடே வரிசையாக நிற்கின்றன. வரைபடத்திற் பார்ப்பவனுக்கு அது வளம் மிக்க இடம். வல்லரசுகளின் கண் எப்போதும் அதன்மீது இருந்து வந்துள்ளது. 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் அவ்வளத்தின் பொருட்டேயாம்.

ஆயின் அவ்வளத்தைச் சூழ வாழ்வோர் யாவர்? மூட்டை ஏற்றி இறக்கி நாட்கூலி பெறுவோர், குடாவிலும் தம்பலகாமக் களப்பிலும் மீனும் இறாலும் நண்டும் பிடிப்போர், சிறுகடை வைத்திருப்போர், முச்சக்கரவண்டி ஓட்டுவோர், குடும்பத் தலைவியை மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்ணாக அனுப்பிவிட்டுப் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டிருப்போர் எனப் பலராவர். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் பகுதி இது. கப்பற்றுறையும் கிண்ணியாவும் தம்பலகாமமும் அண்மையில் உள்ளன. போரும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும் தொட்டுச் சென்ற குடும்பங்களே இங்கு மிகுதி. “பழக்கப்பட்டவர்கள்” என்னும் புகழுரை இவர்களை நோக்கியே கூறப்படுகின்றது.

3

அப்புகழுரையை முதலில் நோக்கலாம். போர்க்கால ஊரடங்கும் பெருந்தொற்றுக்கால ஊரடங்கும் பெயரால் ஒன்றாயினும் இயல்பால் வேறானவை. 2006 ஏப்ரல் 12 இல் திருகோணமலைச் சந்தையில் குண்டு வெடித்து வன்செயல்கள் மூண்டபோதும் ஊரடங்குதான் பிறப்பிக்கப்பட்டது. அன்று வீடு பாதுகாப்பற்ற இடம். அயலவன் வீடும் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் பாடசாலை மண்டபமும் பாதுகாப்பான இடங்கள். ஆபத்து வந்தபோது மக்கள் ஒன்றுகூடினர். பொதுவில் உலை வைத்தனர். ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்தனர். இரவெல்லாம் விழித்திருந்து பேசினர். சாவு வீட்டில் ஊரே நின்றது. போரின் கொடுமையை அவர்கள் தாங்கினார்கள் என்றால், இரும்பால் ஆன நெஞ்சினால் அன்று; கூடி இருந்ததினாலேயே தாங்கினார்கள்.

பெருந்தொற்று வேண்டி நின்றது இதற்கு நேர்மாறானதை. கூடுதல் குற்றமாயிற்று. அயலவனின் மூச்சே அச்சத்துக்குரியதாயிற்று. கோயிலும் பள்ளிவாசலும் பூட்டப்பட்டன. பழைய இடர்களில் எந்தக் கருவியைக்கொண்டு இம்மக்கள் உயிர்தரித்தார்களோ அந்தக் கருவியே அவர்கள் கையினின்றும் பறிக்கப்பட்டது. நீந்தப் பழகியவன் ஆயிற்றே என்று கைகளைக் கட்டி நீரில் விடுவதை ஒக்கும் இது. இழப்புகளின் மேல் இழப்புகள் சேரச்சேரப் பாதிப்பும் மிகும் என்பதே போர்க்கால உளநலத்தை ஆராய்ந்தோர் பலரும் கண்ட முடிபு. யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் தாக்கத்தைத் தனிமனித நோயாக மட்டுமன்றிக் கூட்டு வடுவாகவும் நோக்கவேண்டும் என்று நெடுங்காலமாக எழுதி வந்தவர். குடும்பமும் அயலும் ஊரும் சிதைவதே அவ்வடு. அவற்றைத் திரும்பக் கட்டுவதே மருந்து. இவ்வாராய்ச்சி இந்நாட்டிலேயே, தமிழ் மக்களிடையே நிகழ்ந்தது. அவ்வாறிருக்க, வடுப்பட்டவனை வலுப்பெற்றவன் என்று கொள்வது அறியாமையன்று, வசதியே எனலாம்.

யாருக்கு வசதி? உதவி வழங்கக் கடமைப்பட்டவர்க்கே வசதி. “அவர்கள் தாங்குவார்கள்” என்னும் பாராட்டு, “அவர்களுக்குக் கொடுக்கவேண்டியதில்லை” என்னும் கணக்கின் மறுபக்கம்.

4

இனி மனவுறுதி பற்றிய அறிவுரையை நோக்கலாம். நாட்குறிப்பு எழுதுக, மூச்சுப் பயிற்சி செய்க, செய்திகளைக் குறைத்துக்கொள்க, புதியதொரு கலையைக் கற்க, நம்பிக்கையான சிந்தனையை வளர்த்துக்கொள்க. பெருந்தொற்றுக் காலத்தில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வட்ஸ்அப்பிலும் இவ்வறிவுரைகள் ஓயாது ஒலித்தன. 1665 இல் கொள்ளைநோயின் பொருட்டுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது நியூட்டன் ஊருக்குத் திரும்பி அருங்கண்டுபிடிப்புகளுக்கு அடித்தளமிட்டார் என்னும் கதையும் மாணவர்க்கு எடுத்துரைக்கப்பட்டது. அவர் திரும்பிச் சென்றது சொந்தப் பண்ணையும் வருவாயும் உள்ள வீட்டுக்கு என்பதை எடுத்துரைத்தார் மிகச் சிலரே. ஓர் அறையும் ஒரு தொலைபேசியும் நான்கு பிள்ளைகளும் உள்ள வீட்டில் முடங்கிய மாணவிக்கு நியூட்டனைக் காட்டுவது ஊக்கமூட்டலாகாது. இயலாமைக்குமேல் குற்றவுணர்வையும் ஏற்றுவதாகும்.

உணர்ச்சியை நிலத்தினின்றும் தொழிலினின்றும் பிரித்து, மனத்துள்ளே தனியாய்ச் சுரப்பதொன்றாகக் கொள்வதே இவ்வறிவுரைகளின் அடிப்படைப் பிழை. தமிழ் மரபு இப்பிழையைச் செய்யவில்லை. உரிப்பொருளை முதற்பொருளோடும் கருப்பொருளோடும் பிணைத்துக் கண்டது அகத்திணை மரபு. நெய்தலுக்கு இரங்கலை உரியதாக்கியபோது, கடலையும் எற்பாட்டையும் மீன்பிடித் தொழிலையும் விட்டு அவ்விரங்கலைப் பேசவில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இன்னும் தெளிவானது. அழுகை பிறக்கும் நிலைக்களங்கள் நான்கு என்று அது வகுக்கின்றது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்பட்டு எளியனாதல் இளிவு; சுற்றத்தையும் நுகர்ச்சியையும் இழத்தல் இழவு; முன்னிருந்த நன்னிலை கெட்டு வேறொன்றாகி வருந்துதல் அசைவு; வறுமையோ வெளிப்படை. பேராசிரியர் வறுமையைப் பொருளின்மையோடு நிறுத்தாது, துய்க்க விரும்பியதைத் துய்க்கப் பெறாத உள்ளமாகவும் விரிப்பர். மனவுறுதிக் குறைவு என்பது இந்நான்கனுள் இல்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

தொல்காப்பியம் செய்யுளுக்குரிய மெய்ப்பாட்டைக் கூறுவது. அது உளநூலன்று என்று மறுப்புக் கூறலாம். மறுப்பு நேரியதே. எனினும் அவ்விலக்கணத்தின் பின்னுள்ள உற்றுநோக்கல் பொய்யன்று என்பதற்கு இக்கால ஆய்வே சான்று. இலண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர் தனிமைப்படுத்தலின் உளத்தாக்கம் பற்றிய 24 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, 2020 பெப்ரவரியில் லான்செற் மருத்துவ இதழில் முடிபுகளை வெளியிட்டனர். தனிமைப்படுத்தல் நீளுதல், தொற்று அச்சம், விரக்தியும் சலிப்பும், போதிய பொருள்கள் கிடையாமை, போதிய தகவல் கிடையாமை, பண இழப்பு, சமூக இழிவு ஆகியனவே உள்ளத்தை வருத்துவன என அவர்கள் கண்டனர். வருமானமும் வழங்கலும் தகவலும் மதிப்பும் தனிமனிதன் மூச்சுப் பயிற்சியால் வரவழைத்துக்கொள்ளக் கூடியவையல்ல. இன்னும், தொற்றின் முதலாண்டில் பதகளிப்பும் மனச்சோர்வும் உலகளவில் 25 வீதம் அதிகரித்தன என 2022 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இளைஞரும் பெண்களும் மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர் என்றும் கூறியது. உலகெங்கும் ஒரே ஆண்டில் மனவுறுதி திடீரெனக் குன்றிவிட்டது என்று எவரும் கூறார். நிலைமைகள் மாறின, ஆதலின் உள்ளங்கள் வாடின.

5

நான்கு நிலைக்களங்களையும் சீனன்குடாவிலும் அதன் அயலிலும் பொருத்திப் பார்த்தால் இவ்வுண்மை மேலும் விளங்கும்.

வறுமையை முதலில் எடுத்துக்கொள்ளலாம். மாதச் சம்பளம் பெறுவோர்க்கு ஊரடங்கு விடுமுறை போன்றது. நாட்கூலிக்கு அது வருமானம் அற்றுப்போன நாள். அரசு 2020 இல் வறிய குடும்பங்களுக்கு 5,000 ரூபா வழங்கியது. 2021 ஆகஸ்ட் ஊரடங்கில் வேறு உதவி பெறாதோர்க்கு 2,000 ரூபா வழங்கியது. ஆறு வார ஊரடங்குக்கு 2,000 ரூபா என்பது எத்தனை நாளைக்குப் பாணும் பருப்பும் ஆகும் என்பதை எந்தக் குடும்பத் தலைவியும் கணக்கிட்டுக் கூறுவாள். நாட்டுக்கே மா அரைக்கும் கரையில், பாண் வாங்கக் கடன் கேட்டு நிற்பவனின் உள்ளத்துக்கு எந்த நம்பிக்கைச் சிந்தனை மருந்தாகும்? அடைவு வைத்த நகை, தவணை தவறிய நுண்கடன், கடைக்காரனின் கொப்பியில் ஏறிய கணக்கு ஆகியவையே அவனது தூக்கத்தைக் கெடுத்தன. அவனைத் தூங்கவைப்பதற்கு வேண்டியது தவணைக்கு மெய்யான ஒத்திவைப்பு.

இளிவு அடுத்தது. பேலியகொடைக் கொத்தணியின் பின்னர் மீனென்றாலே மக்கள் அஞ்சினர். விலை வீழ்ந்தது. 2020 நவம்பரில் முன்னாள் அமைச்சர் ஒருவர் செய்தியாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டவேண்டிய நிலை உண்டாயிற்று. நாடு அதனைக் கண்டு சிரித்தது. கரையிலிருந்த மீனவனுக்கோ அது சிரிப்பன்று. அவனது தொழிலும் அவனது கைகளும் நோயின் அடையாளமாக்கப்பட்டிருந்தன. பெருந்தொற்றுத் தடுப்பின் தேசிய செயற்பாட்டு மையத்துக்கு இராணுவத் தளபதி தலைமை தாங்கினார். யூன் இறுதிக்குள் ஊரடங்கை மீறினரென்று கைதானோர் அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர். அச்சத்தின் நிலைக்களங்கள் நான்கனுள் இறையையும், அதாவது ஆள்வோனையும், தொல்காப்பியம் எண்ணியிருப்பது இங்கு நினைத்தற்குரியது. சுகாதாரத்தைச் சீருடையினால் செயற்படுத்தியபோது, போரைக் கண்ட ஊர்களில் அது நோய்த் தடுப்பாக மட்டும் உணரப்படும் என்று எதிர்பார்ப்பது வரலாற்றை மறப்பதாகும்.

இழவு யாவற்றினும் கொடிது. தமிழரிடையே எட்டும் முப்பத்தொன்றும் வெறுஞ் சடங்குகளல்ல. துயரை ஊர் பகிர்ந்துகொள்ளும் ஒழுங்குகள் அவை. அழுவதற்கு ஒரு நாள், சமைத்துக் கொடுப்பதற்கு ஒரு நாள், வீடு மீண்டும் வாழத் தொடங்குவதற்கு ஒரு நாள் என்று அவை துயருக்குக் கால எல்லை வகுக்கின்றன. அவ்வொழுங்கு அற்றபோது துயர் எல்லையற்றதாயிற்று. முஸ்லிம்களுக்கு நேர்ந்ததோ இன்னும் கொடுமையானது. உலக சுகாதார நிறுவனம் புதைத்தலையும் எரித்தலையும் ஒருங்கே அனுமதித்திருந்தும், 2020 ஏப்ரலில் வர்த்தமானி அறிவித்தல் மூலம் எரித்தல் கட்டாயமாக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் பிறந்து 20 நாளே ஆன குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியிலேயே அவ்விதி நீங்கியது. அதன்பின்னும் ஓட்டமாவடி என்னும் ஒரே இடத்துக்கே உடல்கள் கொண்டு செல்லப்பட்டன. அரசின் கணக்கின்படி எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர். 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. கிண்ணியாவிலும் மூதூரிலும் பல மாதங்கள் மக்கள் அஞ்சியது நோய்க்கு மட்டுமன்று. நோயால் இறந்தால் தம் உடலுக்கு என்ன நேரும் என்பதற்குமாகும். அவர்களுக்கு எந்த மூச்சுப் பயிற்சியைக் கற்பித்திருக்கலாம்? அவ்வச்சத்தை நீக்கியது உளவளத்துணையன்று. ஒரு வர்த்தமானி அறிவித்தலே. ஆக்கியதும் அதுவே, அகற்றியதும் அதுவே.

கடல் கடந்தோரின் இழவும் இதனோடு சேர்ந்தது. 2020 மார்ச்சில் வருவோர்க்கு மூடப்பட்ட விமான நிலையம் 2021 சனவரி 21 இலேயே மீண்டும் முறையாகத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நாடு திரும்ப விரும்பிய பணிப்பெண்களும் தொழிலாளரும் சிறப்பு விமானங்களின் பட்டியலில் பெயர் வரும்வரை காத்திருந்தனர். அவ்வாண்டில் அவர்கள் அனுப்பிய பணமோ குறையவில்லை. 2019 இல் ஏறத்தாழ 6.7 பில்லியன் டொலராக இருந்தது 2020 இல் 7.1 பில்லியனாக உயர்ந்தது. பணம் தடையின்றி வந்தது; பணம் அனுப்பிய தாய்க்கு வரத் தடை இருந்தது. பாட்டியின் மடியில் அழுத பிள்ளைக்கு மனவுறுதி போதாது என்று கூறத் துணிபவர் எவர்?

அசைவு நான்காவது. இதுவே மாணவரைப் பெரிதும் வருத்தியது. 2020 ஆகஸ்டுக்குரிய க.பொ.த. உயர்தரப் பரீட்சை ஒக்டோபரில், தொற்றின் இரண்டாம் அலைக்கு நடுவே நடைபெற்றது. 2021 க்குரியது 2022 பெப்ரவரியிலும், 2022 க்குரியது 2023 சனவரியிலும் நடைபெற்றன. ஒவ்வோர் ஒத்திவைப்பின் பின்னும் ஒரு வயது கூடியது; வீட்டின் பொறுமை குறைந்தது; தம்பியின் படிப்பா அக்காவின் படிப்பா என்னும் வினா எழுந்தது. சூம் வழியாகக் கற்பித்தல் நடைபெறுகின்றது என்று அறிவிக்கப்பட்டபோது, 2019 இன் கணக்குப்படி இந்நாட்டில் ஐந்திலொரு குடும்பத்திடம் மாத்திரமே கணினி இருந்தது. ஊவாவின் பொகிட்டியாவைப் பிள்ளைகள் தொலைபேசி அலை தேடிக் காட்டினூடே பாறையேறிய செய்தி 2021 இல் உலகெங்கும் பரவியது. அது விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்பட்டது. எட்டு வயதுப் பிள்ளை பாறையேறிக் கற்க நேர்ந்தது வெட்கத்துக்கு எடுத்துக்காட்டென்று கூறியோர் குறைவு.

6

தனிமனித முயற்சிகள் பயனற்றவையா என்று கேட்கலாம். அல்ல. பதகளிப்பு மிகுந்தவனுக்கு மூச்சுப் பயிற்சி உதவும். மனச்சோர்வு நோயாக முற்றியவனுக்கு மருத்துவம் வேண்டும். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தின் மறுமுனையில் ஒரு குரல் இருப்பது பெரிய காரியம். எவனும் துன்பத்தைத் தனியே சுமக்காது வாய்திறந்து பேசுதல் வேண்டும். இவற்றை இகழ்வது வாதத்தின் நோக்கமன்று. ஆயின் மூழ்குகின்றவனுக்கு நீச்சல் கற்பிப்பதும் வேண்டும், வெள்ளத்துக்கு அணை கட்டுவதும் வேண்டும். முன்னையதைக் காட்டிப் பின்னையதைத் தட்டிக்கழிப்பதே கண்டிக்கத்தக்கது.

இதற்கு இந்நாட்டின் வரலாறே சிறந்த சான்று தருகின்றது. 1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் அவ்வாறு இறந்தனர். கடும் நச்சுத்தன்மை வாய்ந்த பீடைகொல்லிகள் 1980களிலிருந்து படிப்படியாகத் தடை செய்யப்பட்டன. அதன்பின் இருபது ஆண்டுகளில் அவ்வீதம் ஏறத்தாழ 70 வீதம் வீழ்ந்தது. 1995 க்கும் 2015 க்கும் இடையே 93,000 உயிர்கள் அத்தடைகளால் காக்கப்பட்டிருக்கும் என ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். இத்தனை குடும்பங்களைத் துயரினின்றும் காத்தது நாட்டு மக்களின் மனவுறுதி திடீரெனப் பெருகியமையன்று. ஒழுங்குவிதி காத்தது, அதனை வகுத்த அறிவும் நடைமுறைப்படுத்திய துணிவும் காத்தன. உளநலத் துறையில் இலங்கை உலகுக்குக் காட்டக்கூடிய மிகப் பெரிய வெற்றி இதுவே. இவ்வெற்றியைக் கையில் வைத்திருக்கும் நாடு, பெருந்தொற்றின்போது அறிவுரையோடு அமைந்துகொண்டது வியப்புக்குரியது.

7

ஊரடங்கு நீங்கியதோடு இவ்வினா முடிந்துவிடவில்லை. 2021 நவம்பர் 23 ஆம் நாள், பாடசாலைகள் மீளத் திறக்கப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்த வேளையில், கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் அமைக்கும் இடத்திலே மக்களை ஏற்றிச் சென்ற படகுப்பாதை கவிழ்ந்தது. இறந்தோருள் பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தனர். ஏறத்தாழ இருபது மாதங்கள் “பொறுமையாக இருங்கள், பாடசாலை திறக்கும்” என்று கூறப்பட்ட பிள்ளைகள் அவர்கள். பாடசாலை திறந்தது, பாதுகாப்பான பாதை அமையவில்லை. எதிர்காலத்தைப் பற்றி நம்பிக்கையோடு இருக்குமாறு பிள்ளைகளுக்குக் கூறுவோர், அவ்வெதிர்காலத்துக்குச் செல்லும் வழியை அமைத்தார்களா என்னும் வினாவுக்கு விடையளிக்கக் கடமைப்பட்டவர்கள்.

2022 சனவரி 6 இல் சீனன்குடாவின் 99 தாங்கிகள் பற்றிய புதிய உடன்படிக்கைகள் கைச்சாத்தாகின. அவற்றுள் 61 கூட்டு நிறுவனமொன்றின் பொறுப்பாயின. தாங்கிகளின் எதிர்காலம் ஐயத்துக்கு இடமின்றி எழுத்தில் வரையறுக்கப்பட்டது. அவற்றின் அடிவாரத்தில் வாழும் மக்களின் எதிர்காலத்துக்கு அவ்வாறு ஓர் எழுத்து வரையப்படவில்லை. அவ்வாண்டு ஏப்ரல் 12 இல் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாமையை அறிவித்தது. பெருந்தொற்றின் வறுமையிலிருந்து தலைதூக்க முயன்றவன் எரிபொருள் வரிசையில் நின்றான். மீண்டும் அவனுக்குக் கிடைத்தது புகழுரையே: எதையும் தாங்குபவன் என்பது.

எதிர்காலம் நிச்சயமற்றது என்பதை மனித வாழ்வின் பொதுவிதி போலக் கூறி ஆறுதலடைவோர் உளர். அது பொதுவிதியன்று, பங்கீடு செய்யப்பட்ட ஒன்று. சிலர்க்குச் சேமிப்பும் ஓய்வூதியமும் நிலையான வேலையும் நிச்சயத்தைக் கொடுக்கின்றன. நாட்கூலிக்கும் களப்பு மீனவனுக்கும் பணிப்பெண்ணின் பிள்ளைக்கும் நிச்சயமின்மை முழுவதும் கொடுக்கப்படுகின்றது. பங்கீடு செய்யப்பட்டதைத் திருத்திப் பங்கிட முடியும். அடுத்த பெருந்தொற்றுக்கு முன்னரே செய்து வைக்கவேண்டியவை எவையென்பதில் மயக்கமில்லை. நடமாட்டம் தடுக்கப்படும் நாள்முதல் நாட்கூலிக்கு வருமான ஈடு சட்டப்படி உரித்தாதல் வேண்டும். கடன் தவணைகள் தாமாகவே நிற்றல் வேண்டும். இறந்தவரைத் தத்தம் முறைப்படி அடக்கம் செய்யும் உரிமை எந்த அவசரநிலையிலும் பறிக்கப்படலாகாது. சுகாதார அறிவித்தல்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே வேளையில் வெளிவருதல் வேண்டும். அவற்றை வீட்டுக்குக் கொண்டு செல்பவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகராகவும் குடும்பநலத் தாதியாகவும் இருத்தல் வேண்டும், படைவீரராக அன்று. ஒத்திவைக்கும் பரீட்சைக்கு மறுதிகதி அன்றே கூறப்படல் வேண்டும். பிரதேச செயலாளர் பிரிவு தோறும் மக்களின் மொழி பேசும் உளநலப் பணியாளர் இருத்தல் வேண்டும்.

இவ்விடயத்திற் பல்கலைக்கழகங்களின் பொறுப்புச் சிறிதன்று. உளநல நாளொன்றில் விரிவுரை நிகழ்த்தி, மனத்தைத் திடப்படுத்துமாறு மாணவர்க்குக் கூறி அமைதல் எளிது. கொணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகமும் ஏனைய பல்கலைக்கழகங்களும் தத்தம் சூழலிலுள்ள ஊர்களின் ஊரடங்குக் கால வரலாற்றைத் தொகுப்பது அதனிலும் கடினம், அதனிலும் பயனுள்ளது. யார் எவ்வளவு கடன்பட்டனர், எந்தச் சாவு வீட்டில் எத்தனை பேர் நின்றனர், எந்த மாணவி எக்காரணத்தால் படிப்பை இடைநிறுத்தினாள் என்பன எழுதப்படாது போனால், அடுத்த முறையும் “அவர்கள் பழக்கப்பட்டவர்கள்” என்னும் ஒரு வரியே அவர்களின் வரலாறாக எஞ்சும்.

சீனன்குடாவின் மக்கள் ஊரடங்கைத் தாங்கினார்கள் என்பது உண்மையே. வேறு வழி அவர்களுக்கு வைக்கப்படவில்லை என்பதும் உண்மையே. முதல் உண்மையைப் பாராட்டி இரண்டாம் உண்மையை மறைக்கும் எந்த அறிவுரையும் ஆறுதலாகாது. அழுகிறவனின் கண்ணீரைத் துடைக்க விரும்புவோர் முதலில் இளிவையும் இழவையும் அசைவையும் வறுமையையும் ஆக்கியவர் எவர் என்று கேட்கட்டும். அக்கேள்வியை எழுப்பாத உளநலப் போதனை மக்களுக்குப் பேசப்படுவதன்று; மக்களைப் பேசாதிருக்கச் செய்வதற்குப் பேசப்படுவதாகும்.